தூணுக்குச் சமாதானம்

உழவர்கரை போகும் டவுன் பஸ். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில். சன்னலோரம் இருந்த இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"நான் இப்பல்லாம் கோயில்ல தூணுக்குப் பக்கத்துலதாங்க்கா உக்கார்றேன்."

"ஏன், அங்கதான் ஃபேன் இருக்கா?"

"ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கச் சொல்லுவாருல்ல சாமியாரு, அப்ப நாத்தனா மூஞ்சியப் பாக்க வேணாம். தூணு மறைச்சிக்கும்."

"மாமியா செத்ததுலேர்ந்து இன்னும் பேச்சு இல்லியா?"

"இல்ல."

"அப்ப யாருக்குதான் சமாதானம் சொல்ற?"

"தூணப் பாத்துக் கும்பிட்டுடுவேன். ஆண்டவருக்குத் தெரியாதா என் மனசு?"

மூத்தவள் டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகினாள்.

"அவருக்குத் தெரியும். பாட்டுக்குழுவுல மேல் மாடியில நிக்கிறேன்ல, எனக்கும் தெரியுது. அந்தப் பக்கத்துலேர்ந்து உன் நாத்தனாவும் அதே தூணத்தான் கும்பிடுறா."