எங்கள் கழகத்தின் நான்கு விழுமியங்கள்

எங்கள் சேவைக் கழகத்தின் கூட்டம் இருபது வருடத்தில் ஒரு நாளும் பிந்தித் தொடங்கியதில்லை. லண்டனில் ஒரு தமிழர் கூட்டத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடிவது சின்ன விஷயமல்ல. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, ரெய்னர்ஸ் லேனில் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தின் கதவை நானே சாத்திவிடுவேன். பிந்தி வருகிறவர்கள் தட்டிவிட்டுத்தான் வரவேண்டும்.

ஆண்டுவிழா மலருக்கு எங்கள் விழுமியங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் ஜெயகௌரி போன கிழமை கேட்டார். "கணேசலிங்கம் அண்ணை, உங்களை விட்டா வேறை ஆர் எழுதுறது?" என்றார். சரியான பேச்சு. கழகத்தைத் தொடக்கிய ஏழு பேரில் நான் ஒருவன். உண்மை, நீதி, நட்பு, சேவை என்ற நான்கையும் தெரிந்தெடுத்தவன் நான். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் நான்கு வசனங்களும் நான் எழுதியவை. உண்மையை மறைக்க மாட்டோம். ஒருவரையும் ஒதுக்க மாட்டோம். நட்பை முறிக்க மாட்டோம். கூப்பிட்ட குரலுக்குப் போவோம்.

நவரத்தினம் ஆறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்து எங்களுடன் சேர்ந்தார். வீடுகளைச் சூடாக்கும் பொயிலர்களைத் திருத்துகிற தொழில். அந்த நான்கு வசனங்களையும் அவர் இன்றுவரை கைபேசியைப் பார்த்துத்தான் சொல்கிறார். ஒருமுறை "நட்பை மறைக்க மாட்டோம், உண்மையை முறிக்க மாட்டோம்" என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மண்டபமே சேர்ந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அந்தக் காளான் தலைவரானது. நான் உபதலைவர். எனக்கு வயிறு எரிந்தது. உண்மை என்ற தலைப்பின் கீழ் இதையும் எழுதத்தான் வேண்டும்.

மிஸ்ட் கோல் திட்டம், எல்லோரும் நவம் என்று கூப்பிடும் அந்த நவரத்தினத்தினுடையது. தனியாக வாழும் முதியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர். காலை ஒன்பது மணிக்கு முன் அவர்கள் அந்த உறுப்பினருக்கு ஒரு மிஸ்ட் கோல் அடிக்கவேண்டும். எடுக்கத் தேவையில்லை. அடித்தால் ஆள் சுகம். அடிக்காவிட்டால் உறுப்பினர் நேரே வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். கவுன்சிலில் இருந்து ஆட்கள் வந்து பாராட்டிப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் ஓரத்தில் நிற்கிறேன். பாதித் தோள் வெட்டுப்பட்டுவிட்டது.

மன்னாரைச் சேர்ந்த பிலோமினம்மாவுக்கு எண்பத்தொரு வயது. அவரை ஞாயிறு தோறும் தேவாலயத்துக்குப் பூசைக்கு ஏற்றி இறக்கியவன் நான். நான் சைவ சமயத்தவன். பூசை முடியும்வரை காருக்குள் இருந்து பேப்பர் பார்ப்பேன். நான்கு வருடத்தில் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. திட்டம் வந்தபோது யார் வேண்டுமென்று முதியவர்களிடமே கேட்டோம். அவர் நவத்தைக் கேட்டார்.

"குறை நினையாதேங்கோ தம்பி," என்று என்னிடம் சொன்னார். "நவம் வந்தா வாய்விட்டுச் சிரிக்கலாம். நீங்கள் வந்தா நான் நல்ல சீலை மாத்திக்கொண்டு இருக்கவேணும்."

நான் குறை நினைக்கவில்லை என்று சொன்னேன். அதன்பிறகு பூசைக்கும் நவமே கூட்டிப்போனார். அவர் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் இருந்தாராம்.

போன ஒக்டோபரில் நவம் தமையனுடைய மகளின் கலியாணத்துக்குப் பாரிசுக்குப் போனார். போகுமுன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நான் இல்லாத மூண்டு நாளும் பிலோமினம்மா உங்களுக்கு அடிப்பா அண்ணை. அவவுக்கும் சொல்லிப்போட்டன். பாத்துக்கொள்ளுவியளோ?"

"ஓம், பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அடித்தார். சனிக்கிழமை அடிக்கவில்லை.

பத்தரைக்கு நடந்தே போனேன். நடக்கும்போது எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெல்லை அடித்தேன். பதில் இல்லை. குனிந்து, கதவில் கடிதம் போடும் துவாரத்தின் தகட்டைத் தூக்கினேன். குசினிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நவமே? விழுந்துபோனன் ராசா. எழும்ப ஏலாமல் கிடக்கு. கெதியா வா நவம்."

நவம் இல்லாத நாட்களில் நான்தான் வருவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். முதல் நாள் எனக்குத்தான் அடித்திருக்கிறார். இருந்தும் நவம் என்றார். கதவோரத்தில், இலக்கம் அழுத்தித் திறக்கும் சாவிப் பெட்டி இருந்தது. அதைச் சுவரில் பொருத்திக் கொடுத்தவனே நான். நான்கு இலக்கமும் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றேன். "தம்பி" என்று ஒருமுறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுபடியும் நவத்தின் பெயரைச் சொன்னார். நான் தகட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். முருங்கைக்காய் புதிதாக வந்திருந்தது. ஒரு கட்டு வாங்கினேன்.

கூப்பிட்ட குரலுக்குப் போவோம் என்பது எங்கள் நான்காவது வசனம். நான் அதை மீறியதாக நினைக்கவில்லை. அந்தக் குரல் வேறொருவரைக் கூப்பிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சந்தர்ப்பம் கொடுக்கலாம் என்று மறுபடியும் போனேன். இந்தமுறை பெல் அடிக்கவில்லை. தகட்டைத் தூக்கிக் காதை வைத்தேன். குரல் நன்றாகச் சிறுத்திருந்தது. பெயர் மட்டும் அதே பெயர். எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. நான்கு வருடம் ஏற்றி இறக்கியவன்.

திங்கட்கிழமை மத்தியானம் நவம் வந்து கதவைத் திறந்து கண்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கைபேசி மாடியில் கட்டிலருகே கிடந்தது. சனிக்கிழமையே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று வைத்தியர் சொன்னாராம். மகள் றஜீனா எட்மண்டனில் இருக்கிறார். வார இறுதியில் அவருக்கு இரட்டை ஷிப்ட். எங்கள் திட்டத்தை நம்பி அவர் அழைக்கவில்லை.

செயற்குழு கூடியபோது, நவம் என்னிடம் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று சொன்னேன். அது பொய். நவம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுத்துப் பேசுவார், இரண்டு பேரில் யாரை நம்புவது என்று சபை யோசிக்கும், இருபது வருடத்து ஆளைத்தான் நம்பும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் எழுந்தார். "அண்ணை பொய் சொல்லமாட்டார். கலியாண அவசரத்திலை நான்தான் சொல்ல மறந்திருப்பன். பிழை என்ரை," என்றார். பிறகு விம்மி விம்மி அழுதார். தலைவர் பதவியையும் விடுகிறேன் என்றார்.

ஒருவரும் விடவில்லை. செத்தவீட்டில் பெட்டியின் முன்பக்கத்தை அவர்தான் தூக்கினார். றஜீனா அவருடைய கையைப் பிடித்து, "அம்மாவுக்கு நீங்கள் மகன் மாதிரி," என்றார். அடுத்த பொதுக்கூட்டத்தில் போட்டியில்லாமல் மறுபடியும் தலைவரானார். நான் பின்வரிசையில் இருந்து கைதட்டினேன். என்னிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஜெயகௌரி கட்டுரை கேட்டபோது இன்னொன்றும் சொன்னார். "நவம் அண்ணை பழியைத் தன்ரை தலையிலை போட்டதை உதாரணமா எழுதுங்கோ அண்ணை. எங்கடை விழுமியத்துக்கு அதைவிட என்ன வேணும்?"

மூன்று நாள் இருந்து யோசித்தேன். நான் செய்ததை வைத்து அவர் பெரியவராகியிருக்கிறார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். நவம் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பிலோமினம்மா விழுந்து கிடப்பது எனக்கு இரண்டு நாளும் தெரியும். கதவைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. சாகவிட்டது நான். றஜீனாவிடம் அம்மாவின் கைபேசி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அடித்த இலக்கத்தைப் பார்க்கட்டும், அது என்னுடையது. பொலிசுக்குப் போவதென்றால் போகட்டும், நான் வீட்டில்தான் இருப்பேன். அந்தச் சாவில் நவத்துக்கு எள்ளளவும் பங்கில்லை. இல்லாத பங்கை அவருக்குக் கொடுப்பது அநீதி.

ஜெயகௌரி, இதில் ஒரு சொல்லையும் வெட்டவேண்டாம். தலைவர் செய்திக்கு முன்னால் போடுங்கள். என் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அது நவத்தின் படத்தைவிடச் சிறிதாக வரக்கூடாது.