ஃபார்முலா அண்ணனுக்கு விடுப்பு

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பின்வரிசையில் நிற்கும் மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியார் அவர்களே, வணக்கம்.

நம் புகார்ப் பிரிவின் மூத்த பொறியாளர், நாம் எல்லோரும் ஃபார்முலா அண்ணன் என்று அழைத்த அந்த நல்ல மனிதர், மறைந்துவிட்டார் என்று சொல்லத்தான் எழுந்தேன். சொல்லலாமா? எனக்கே குழப்பமாக இருக்கிறது. இன்று காலைகூட நம் கணினித் திரையில், 'கடைசியாகத் திருத்தியவர்' என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. அவர் இருந்தார் என்பதா, இருக்கிறார் என்பதா?

லிஃப்ட் பழுதுபார்ப்பது நம் தொழில். வரும் புகார்களைப் பதிந்து வைக்க ஒரு மென்பொருள் வாங்கினோம். அதில் 'அவசரம்' என்று ஒரு கட்டம். போனை எடுப்பவர் அதை நிரப்ப வேண்டும். யார் அதிகம் கத்தினாரோ, அவரே அவசரம்! அண்ணன் ஒரு ஃபார்முலா எழுதி, அதைத் தானே கணக்கிடும் கட்டமாக மாற்றினார். எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள், எத்தனை மாடி, படியேற முடியாதவர் இருக்கிறாரா என்று பார்த்து அதுவே ஓர் எண்ணைக் காட்டும். 'இன்று முதலில் யார்?' என்று கேட்டால் வரிசையாகச் சொல்லவும் அதைப் பழக்கினார்.

ஒருநாள் பெரிய ஹோட்டலை விட்டுவிட்டு ஒரு பழைய குடியிருப்பு முதலில் வந்தது. மேலாளர் அவர்களே, நீங்கள் கோபிக்கக்கூடாது. "அந்த ஹோட்டல்காரன் என் உயிரை வாங்கறான், இதுல என்னய்யா ஃபார்முலா?" என்று குதித்தீர்கள். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "சார், ஹோட்டல்ல இன்னும் மூணு லிஃப்ட் ஓடுது. அந்தக் குடியிருப்புல இருக்கறதே ஒண்ணுதான்." பிறகு, வீட்டுக்குப் போக நேரமாகி நெளிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து வழக்கம்போல, "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்!

அவர் மறைந்த மறுநாள், விதிப்படி மென்பொருளில் அவர் பெயரில் இருந்த கணக்கை மூடினோம். உடனே எல்லாக் கட்டங்களும் காலி! ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: ஃபார்முலாக்கள் எல்லாம் அவர் பெயரில், அவருடைய அனுமதியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. "எங்க சார் போறது?" என்று மெக்கானிக்குகள் கேட்க, நான் பதறிப்போய் மூன்று பேரையும் ஒரே கட்டடத்துக்கு அனுப்பிவைத்தேன். வேறு வழி? கணக்கைத் திரும்பத் திறந்தோம்.

மென்பொருள் சும்மா இருக்குமா? 'மீண்டும் வருக! உங்கள் பணிகள் காத்திருக்கின்றன' என்று அவருடைய போனுக்கு ஒரு செய்தி அனுப்பியது. போன் அண்ணியார் கையில் இருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவருக்கு வேலை வந்திருக்குன்னு காட்டுது. நான் என்ன பதில் போடட்டும்?"

"அது... மெஷினா அனுப்பினது அண்ணி," என்று உளறினேன்.

"காய்ச்சல்ல கிடந்தப்பவும் கம்ப்யூட்டரை மடியில வச்சுக்கிட்டுத்தான் இருந்தார். இப்பவாவது அவருக்கு லீவு குடுக்கக் கூடாதா?"

தோழர்களே, கணக்கை மூடினால், மாடியில் சிக்கியவர்கள் காத்துக்கிடப்பார்கள். மூடாவிட்டால், இறந்த மனிதரை வேலை வாங்குகிறோம்.

நேற்று ஒரு ஃபார்முலாவைத் திறந்து பார்த்தோம். ஓரிடத்தில் இரண்டால் பெருக்கியிருக்கிறார். ஏன் இரண்டு? ஆளுக்கொரு காரணம் சொன்னோம். 'எதற்கு வாதம், அண்ணனையே கேட்டுவிடலாம்' என்று நான் போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. அழுதுவிட்டேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். இன்றுவரை தொடர்பவர் அவரல்லவா? ஆகவே நம் உறுதிமொழி வேறு. ஒவ்வொரு ஃபார்முலாவாகப் புரிந்துகொண்டு நம் பெயரில் எழுதுவோம். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். கடைசி ஃபார்முலாவும் மாறிய அன்று, அண்ணி, உங்களை அழைப்போம். உங்கள் கையாலேயே அந்தக் கணக்கை மூடுங்கள்.

அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணே. அப்புறம் நீங்க கிளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்.