வலது கட்டைவிரல்

என்னிடம் குழந்தைகள் அழுவதில்லை, ஐயா. உறையூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வேலம்மாள் கைராசிக்காரி என்று. எனக்குப் பிள்ளை இல்லை. அதை யாரும் என்னை மறக்கவிட்டதும் இல்லை.

அடுத்த வீட்டு மாரியாயி சுருட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். மகள் அஞ்சலையை எட்டாம் மாதத்திலிருந்து பகலெல்லாம் என்னிடம்தான் விடுவாள். சாயங்காலம் வந்து, தன் சாமானை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போவாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அவள் புருஷன் செல்லக்கண்ணுக்கு மூட்டுவலி. சர்க்கார் பெர்மிட்டில் அபின் வாங்கிச் சாப்பிடுகிறவன். டப்பா மாடத்தில் கிடக்கும், வீட்டையும் பூட்டுவதில்லை. பல் முளைக்கிற பிள்ளை வீறிட்டால் நகக்கண்ணில் கடுகளவு அபினைத் தடவிச் சப்பக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. நானும் முதலில் ஒருநாள்தான் கொடுத்தேன். பிறகு தினமும்.

டப்பாவில் குறைவதை மாரியாயி கவனித்துவிட்டாள்.

"அக்கா, இந்த மனுசன் புள்ளைக்கு ஊட்டுறாரோன்னு பயமா இருக்கு. எப்பப் பாத்தாலும் மயங்கியே கெடக்குது."

"நான் என்னத்தக் கண்டேன்? உன் வீட்டுச் சங்கதி உனக்குத்தானே தெரியும்."

இரண்டு நாள் கழித்து செல்லக்கண்ணு தனியாக வந்தான். "கம்பெனிக்குப் போற அவசரத்துல அவ ஏதாச்சும் குடுத்துட்டுப் போறாளாக்கா?" அவனுக்கும் அதே பதில்தான். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்தகப்பன் போதையில் கிடந்தால் பிள்ளையைப் பிரித்துத் தகுந்தவர் கையில் ஒப்படைக்கச் சட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல சட்டம். அந்த வீட்டில் பிள்ளைக்கு அபின் ஊட்டுகிறார்கள் என்று மனு எழுதச் சொல்லிப் போட்டேன். அதிகாரிகள் விசாரிக்க வந்த காலையில் கடுகளவை மிளகளவாக்கினேன்.

கோர்ட்டில் மாரியாயி தூக்கியதும் குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டு கதறியது. நான் வாங்கினேன். என் வலது கட்டைவிரலைப் பற்றி வாயில் வைத்துக்கொண்டாள், அழுகை நின்றது. "யார்கிட்ட இருக்கணும்னு குழந்தையே சொல்லிடுச்சே" என்றார் மாஜிஸ்டிரேட். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாரியாயி மட்டும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் அஞ்சலை என் பிள்ளையாக இருந்தாள். மாடத்திலிருந்து எடுத்து வைத்திருந்தது தீர்ந்ததும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிப் போய், கொள்ளிடக் கரையில் திருட்டுத்தனமாக விற்கிறவனிடம் வாங்கினேன். வீரியம் கூடுதல் என்று அவன் சொல்லவில்லை. நேற்றுக் காலை அவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான்தான். அதையும் எழுதுங்கள்.

ஆமாம், கொடுத்தது நான். தொடக்கத்திலிருந்தே நான் ஒருத்திதான். செல்லக்கண்ணும் கொடுத்ததில்லை, மாரியாயியும் கொடுத்ததில்லை. கைநாட்டு வைத்துவிட்டேன், போதுமா?

அஞ்சலை கண் விழித்துவிட்டாளாம். விடியற்காலையிலிருந்து ஓயாமல் கதறுகிறாளாம். மாரியாயி தோளில் போட்டுக்கொண்டு நடந்தும் அடங்கவில்லையாம். அவளால் ஆகாது, எனக்குத் தெரியும். என் நகத்தைச் சாட்சிக்கென்று ஒட்ட வெட்டிவிட்டீர்கள், பரவாயில்லை. இந்த மையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு முறை என்னை ஆஸ்பத்திரிக்குள்ளே அவளிடம் விடுங்கள், ஐயா. வெறும் விரலைக் கொடுத்தாலே அடங்கிவிடுவாள். அவள் தேடுவது என்னைத்தான்.