ஸ்பிரு பார்க்காத இரண்டு போட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மக்ரோனி சுடும் வேலை, என் மனைவி தெக்ளா போன பிறகு எனக்கு வந்து சேர்ந்தது. முதல் மாதம் முழுக்க அடிப்பிடித்தது. இப்போது நன்றாகவே வருகிறது, மேலே பாலாடைக்கட்டி சிவந்து மொறுமொறுவென்று நிற்கும். நானும் அவள் தம்பி ஸ்பிருவும் இரண்டே பேர்தான், ஒரு தட்டு போதும். நான்கு வருடங்களில் ஒரு ஞாயிறுகூட அவன் என் மேசைக்கு வரத் தவறியதில்லை, இந்தக் கடைசி ஞாயிறைத் தவிர. அன்றைக்கும் அவன் பங்கை ஆறுவதற்குள் கொடுத்துவிட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஷிக்லூனா. பட்டினி போட்டதாக யாரும் சொல்லக் கூடாது.

ஸ்பிரு தச்சன். கல்யாணம் ஆகாதவன், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தான். தெக்ளா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைப் பாத்துக்குங்க, அவனுக்கு விளையாட்டுப் புத்தி" என்றாள். பார்த்துக்கொண்டேன். அவனைப் பிடிக்காதவர் ஊரில் கிடையாது, எனக்கும் பிடிக்கும்தான். இது பகையில் செய்ததல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கால்பந்தில் நான் இத்தாலியின் கறுப்பு வெள்ளைச் சட்டை அணிக்கு ரசிகன். அவன் இங்கிலாந்தின் சிவப்பு. உங்கள் சாவிக்கொத்தில் தொங்கும் பட்டையைப் பார்த்தால் நீங்களும் என் கட்சி என்று தெரிகிறது, ஆகவே மற்றது உங்களுக்கே விளங்கும். அந்த அணியின் ஊருக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனாலும் அங்கே ஒருவன் பந்தைக் கம்பத்தில் அடித்தால் இங்கே எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்காது. என் அப்பாவும் இப்படித்தான். அவர் மூச்சை விட்டதே ஒரு அரையிறுதிக்கு மறுநாள்தான்.

ஆட்டத்தில் தோற்ற அணிக்காரன் வீட்டுக்கு வேடிக்கையாகச் சவப்பெட்டி தூக்கிப்போவது நம் மால்டாவில் வழக்கம். எங்கள் ஊர்ப் பெட்டியைச் செய்தவன் ஸ்பிரு. ஒட்டுப்பலகையில் நல்ல வேலைப்பாடு, பித்தளைப் பிடிகூட வைத்திருந்தான். ஒரு பக்கம் கறுப்பு வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. யார் தோற்றாலும் திருப்பி வைத்துத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் சிவப்புப் பக்கத்தின் சாயம் புதிதாகவே இருந்தது. என் பக்கம்தான் தேய்ந்துபோனது. ஏழு இறுதி ஆட்டங்களில் ஏழிலும் பெட்டி என் வாசலுக்கு வந்தது. முன்னால் பாண்டு வாத்தியம், பின்னால் ஹாரன் அடிக்கும் கார்கள், நடுவில் பாதிரியார் மாதிரி மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு ஸ்பிரு.

"மச்சான், மனசைத் தேத்திக்குங்க" என்பான். "ஆண்டவன் குடுத்தான், எங்க ஆளு எடுத்துக்கிட்டான். அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு ஒரு பீர் ஊத்துங்க."

ஊற்றினேன். சிரிக்கவும் சிரித்தேன். பிறகு பெட்டியை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஏனென்றால் என் வீட்டுக்கு அடியில் பதுங்கறை இருக்கிறது. போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து என் தாத்தா பாறையைக் குடைந்து செய்தது. பதினெட்டுப் படி இறங்கினால் ஒரு சின்ன அறை, இரும்புத் தகட்டுக் கதவு, காற்று வர முற்றத்தில் ஒரே ஒரு துவாரம். என் எட்டாவது துக்கத்துக்கான பெட்டியை நானே பத்திரமாக வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தாட்டத்தில்தான் எதிரிகள். ஐரோப்பியப் பாட்டுப் போட்டி வந்துவிட்டால் நானும் அவனும் ஒரே சோபாவில் உட்காருவோம். மே மாதத்தில் ஒரு வாரத்துக்கு இந்தத் தீவில் யாருக்கும் வேறு பேச்சு கிடையாது. நம் நாட்டுக்காகப் போன பெண் பாடி முடித்ததும் ஸ்பிரு அழுதுவிடுவான். "மச்சான், இந்த வருஷம் நமக்குத்தான். இதைக் கேட்டுட்டு எவன் ஓட்டுப் போடாம இருப்பான்?" என்பான். எல்லோரும்தான் போடாமல் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருக்கிற இத்தாலிகூட மூன்று புள்ளியைப் பிச்சை போட்டுவிட்டு, கடைசி மூச்சில் கிடந்த ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டைக் கொட்டியது. ஒவ்வொரு வருடமும் வயிற்றெரிச்சலோடு படுக்கப் போவேன். தகுதி இல்லாமல் தோற்றால் தாங்கிக்கொள்ளலாம். நாம் அப்படித் தோற்றதில்லை.

காரணத்தை நான் அவசரப்பட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் மின் மீட்டர் கணக்கெடுத்தவன் நான், ஊகம் எனக்கு ஆகாது. ஒருமுறை நென்னுவின் மதுக்கடையில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பஸ்திஸ்ஸிப் பலகாரம் வாங்கிவர ஸ்பிரு எதிர்க் கடைக்குப் போனான். எங்களுக்கு ஒரு கோல். பட்டாணி வைத்தது நாலு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். எங்களுக்கு எதிராக ஒரு கோல். அன்றிலிருந்து குறித்து வைக்க ஆரம்பித்தேன். பித்தப்பைக் கல்லுக்காக அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் எங்கள் அணி அரையிறுதியில் மூன்று அடித்தது. அதே வாரம் நம் பாட்டுக்கு ஐந்தாமிடம் கிடைத்தது. நோட்டுப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். அவன் வாய் என்ன சொன்னது என்பதில் எதுவுமில்லை. அவன் கண்தான். எங்களைத் திட்டிக்கொண்டு பார்த்தாலும் தோற்றோம், நம் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டுப் பார்த்தாலும் தோற்றோம். கண்ணேறு படாமலிருக்க நம் மீனவர்கள் படகின் முகப்பில் கண் வரைவது சும்மாவா?

நான் நேர்மையானவன். முதலில் அவனிடமே கேட்டேன். இந்த வருடம் இறுதி ஆட்டத்தில் கறுப்பு வெள்ளையும் சிவப்பும் மோதுகின்றன என்று உறுதியானதும், நென்னுவின் கடையில் தனியாக ஒதுக்கி, "ஸ்பிரு, இந்த ஒரு ஆட்டத்தைப் பாக்காம இருந்துடு. பாட்டுப் போட்டியையும் விட்டுடு. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு" என்றேன்.

அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "ஏ, கேட்டீங்களா? பதினோரு பேரும் ஒழுங்கா ஆடாததுக்கு என் ரெண்டு கண்ணுதான் காரணமாம்! நென்னு, மச்சானுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி குடு, நான் மாட்டிக்கிறேன்" என்றான்.

நென்னு சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பேக்கரிக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுப் பார்த்தாயிற்று, அந்தக் கடமை முடிந்தது.

ஆட்டத்தன்று, சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெட்டியைத் தூசி தட்ட வந்தான். தன் கைபேசியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, "எட்டாவது அடக்கம், மச்சான். பிடிக்குப் பாலிஷ் போட்டுட்டு வரேன்" என்று விசிலடித்துக்கொண்டே படியிறங்கினான். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். தாழ்ப்பாளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டிருந்தேன், சத்தமே வரவில்லை.

அவன் சிரித்தான். முற்றத்துத் துவாரம் வழியாக அவன் குரல் தெளிவாக வந்தது. "நல்லா மாட்டினேன்! சரி, மச்சான், ஆட்டம் தொடங்குறதுக்குள்ள திறந்து விடுங்க." ஆட்டம் தொடங்கிய பிறகு கொஞ்சம் திட்டினான். அவன் கூட்டாளிகள் தேடி வந்தபோது, பதற்றம் தாங்காமல் பக்கத்துத் தீவு கோசோவில் இருக்கும் மாமன் மகன் வீட்டுக்குப் படகேறிவிட்டான் என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. இறுதி ஆட்டத்தன்று ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரிதானே.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். உங்களுக்குத் தெரியும், கடற்கரைச் சாலையில் நீங்களும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தீர்கள். என் ஆயுளில் அப்படி ஒரு ராத்திரி வந்ததில்லை. முற்றத்துக்குப் போய்த் துவாரத்தில் குனிந்து சொன்னேன். "வாழ்த்துகள் மச்சான். நெசமாத்தான் சொல்றேன். அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. இப்பத் திறங்க, பெட்டியை நானே என் வாசலுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றான்.

திறந்திருப்பேன். அந்த நிமிடம் மனசு இளகித்தான் போனது. ஆனால் இந்த வருடம் பாட்டுப் போட்டி ஆட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. அவனை வெளியே விட்டால் பழையபடி சோபாவில் வந்து உட்காருவான். கணக்கு ஒரு பக்கம் சரியாகிவிட்டது. பாதி வேலையில் நிறுத்துவதில் அர்த்தமில்லை.

ரொட்டிக்காரனுக்குப் பால்கனியிலிருந்து கூடை இறக்குவோம் அல்லவா, அதே கூடையில் கயிறு கட்டித் துவாரம் வழியாக அனுப்பினேன். ஞாயிறு மக்ரோனி. திங்களும் செவ்வாயும் தக்காளியும் எண்ணெயும் தேய்த்த ரொட்டி, தண்ணீர், கம்பளி. "தரை ஈரமா இருக்கு, பெட்டிக்குள்ளேயே படுத்துக்கிறேன். என் கைவேலைதானே, வசதியாத்தான் இருக்கு" என்று வேடிக்கை பேசினான். புதன்கிழமை வேடிக்கை பேசவில்லை. "மச்சான், நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?" என்றான். எதுவும் பண்ணவில்லை என்றுதான் சொன்னேன், அதுதான் உண்மை.

ஊர் அவனைத் தேடவில்லை என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். எதற்குத் தேட வேண்டும்? இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு எவன் ஒரு வாரம் முகம் காட்டுவான்? நானே ஏழு முறை ஒளிந்திருக்கிறேன். திங்கட்கிழமை நென்னுவும் பேக்கரிக்காரனும் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு அச்சடித்து அவன் கதவில் ஒட்டினார்கள். ஸ்பிரு காலமானார், அடக்கம் அவர் கோசோவிலிருந்து திரும்பியதும் நடைபெறும் என்று இருந்தது. பசைவாளியை நான்தான் பிடித்துக்கொண்டேன். "உங்க மச்சினன் திரும்பி வந்து இதைப் பாக்கணும், அவன் மூஞ்சியைப் படம் எடுக்கணும்" என்று நென்னு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வியாழக்கிழமைதான் சிக்கல். அன்று பாட்டுப் போட்டியின் அரையிறுதி. புழுக்கமாக இருந்ததால் முற்றத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். நம் பெண் பாட ஆரம்பித்ததும் கீழேயிருந்து ஸ்பிருவும் பாடினான். தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் பாடினான். அவன் கண் மட்டுமல்ல, காதும் அப்படித்தானோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இறுதிக்குப் போகும் பத்து நாடுகளின் பெயரை வாசித்தார்கள். ஒன்பது வாசித்தாயிற்று, நம் பெயர் இல்லை. எழுந்துபோய்க் கிணற்று மூடிக் கல்லைத் துவாரத்தின்மேல் இழுத்துப்போட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கை அடைத்தேன். திரும்பி வந்து உட்காருவதற்குள் பத்தாவது பெயரை வாசித்தார்கள். மால்டா.

நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் கல்லை எடுத்திருப்பீர்களா?

வெள்ளிக்கிழமை முற்றத்துக்குப் போகவில்லை. கூடை இறக்க வேண்டுமென்றால் கல்லை நகர்த்த வேண்டும். ஒருநாள் சாப்பிடாவிட்டால் என்ன, சனிக்கிழமை ராத்திரி எல்லாம் முடிந்ததும் நல்ல முயல் கறியாகச் செய்து போடலாம் என்று இறைச்சியைத் திராட்சை மதுவில் ஊறப்போட்டேன். வெள்ளி மதியத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். எனக்குத் தெரியாது. கல் கனமானது, சத்தம் எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை நடந்ததை ஊரே பார்த்தது. ஜூரிப் புள்ளிகளில் நாம் முதலிடம். மக்கள் ஓட்டில் ஒவ்வொரு நாடாகக் கழிந்து, கடைசியில் நாமும் இன்னொரு நாடும் மட்டும். நம் புள்ளியை அறிவிப்பதற்கு முன் விளம்பரம் மாதிரி ஒரு நீண்ட இடைவெளி விட்டார்கள். இந்த நேரத்தில் அவனும் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஒரே சோபாவில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஜெயிக்கப் போகிறோம் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று படியிறங்கித் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தேன்.

அவன் பெட்டிக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கறுப்பு வெள்ளைப் பக்கம் என்னை நோக்கி இருந்தது. விரல்நகங்களில் ரத்தம். முகம் படிக்கட்டைப் பார்த்திருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. மேலே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது, அதன் வெளிச்சம் படி வழியாக அவன் முகத்தில் விழுந்தது. எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்தது. ஓடிப்போய் அவன் இமைகளை மூடினேன். ஒன்று மூடியது, மற்றது திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அதற்குள் மேலே அறிவித்துவிட்டார்கள்.

இரண்டாமிடம். ஆறு புள்ளி வித்தியாசம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கதவைப் பூட்டியது நான்தான், துவாரத்தை அடைத்ததும் நான்தான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தேனே, அதுதான். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் இந்தத் தீவு முதல் தடவையாக ஜெயித்திருக்கும். எல்லோரையும்விட ஸ்பிருதான் அதிகம் சந்தோஷப்பட்டிருப்பான்.