நாலாம் நம்பர் அறையின் திறப்பு விழா

மீனாட்சிசுந்தரம்: ...நிப்பாட்டுப்பா! மொதல்ல அதை நிப்பாட்டு, பெறகு பேசு!

கதிரவன்: எதைங்கய்யா?

மீனாட்சிசுந்தரம்: என் போன்ல நீ மாட்டிவிட்ட சனியனைத்தான்! எங்க அரண்மனையோட இன்டர்நெட் பக்கத்துல...

கதிரவன்: அரண்மனையா?

மீனாட்சிசுந்தரம்: ஓட்டல்ப்பா, ஓட்டல்! கானாடுகாத்தான்ல எத்தனை ஓட்டலுக்கு நீ கம்ப்யூட்டர் வேலை பாக்குற?

கதிரவன்: உங்களுது ஒண்ணுதான்யா. பத்து ஓட்டல் பாத்த அலுப்பு இருக்கு.

மீனாட்சிசுந்தரம்: காலையிலருந்து போட்டோவா ஏறிக்கிட்டே இருக்கு. என் கால் கட்டைவிரல் ஏறியிருக்கு. ஒழுகுற குழாய் ஏறியிருக்கு, பிளம்பருக்குக் காட்ட எடுத்தது அது. எம்பொண்டாட்டி சாலா மத்தியானம் வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறது ஏறியிருக்கு. எல்லாத்துக்கும் அடியில 'ராஜாவாக ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள்'னு வருது!

கதிரவன்: அது நீங்க எழுதிக் குடுத்த வாசகம்யா. எந்தப் படம் ஏறுனாலும் கீழ இதுதான் இருக்கணும்னீக.

மீனாட்சிசுந்தரம்: சாலாவுக்குமா?

கதிரவன்: ஆச்சி படத்துக்குத்தான்யா லைக்கு அதிகம். நூத்திப் பன்னெண்டு.

மீனாட்சிசுந்தரம்: அவகிட்டருந்து எனக்கு இன்னும் காப்பி வரல, தெரியுமா?

கதிரவன்: நான் அன்னைக்கே சொன்னேன். தனியா ஒரு ஃபோல்டர் வப்போம், அதுல போடுறது மட்டும் ஏறட்டும்னு. நீங்கதான்...

மீனாட்சிசுந்தரம்: நான் என்ன சொன்னேன்?

கதிரவன்: 'கப்பல் விட்ட பரம்பரை நாங்க. ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. நான் போன்ல அமுக்குனா உலகம் பாக்கணும்'னீக.

மீனாட்சிசுந்தரம்: சரி சரி... நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்துச்சு?

கதிரவன்: சிக்னல் இல்லாம அப்பப்ப ஒண்ணு ரெண்டுதான் போச்சு. நேத்து புது வைஃபை போட்டீகள்ல? மூணு மாசமா வரிசையில நின்னதெல்லாம் ஒண்ணாக் கெளம்பிருச்சு. வீடியோ உட்பட.

மீனாட்சிசுந்தரம்: வீடியோவுமா... அதுதான் வெனையே. தப்பா ஏறுனதையெல்லாம் லேப்டாப்புல தொறந்து வச்சு, போன்ல படம் எடுத்து உனக்கு அனுப்புனேனே, பாத்தியா?

கதிரவன்: பாத்தேன். ஊரே பாத்துச்சு.

மீனாட்சிசுந்தரம்: என்னது?

கதிரவன்: அதுவும் உங்க போன்ல எடுத்த படம்தானேய்யா? ஏறிருச்சு. ஆச்சி தூங்குறது இப்ப ரெண்டு இருக்கு.

மீனாட்சிசுந்தரம்: அட ஆண்டவனே... இரு, இந்தா இதையும் ஒரு படம் எடுத்து உனக்கு...

கதிரவன்: எடுக்காதீக!

மீனாட்சிசுந்தரம்: எடுத்துட்டேன்.

கதிரவன்: இப்ப மூணு.

மீனாட்சிசுந்தரம்: அழிச்சுத் தொலைப்பா! ஞாயித்துக்கெழமை முன்னோருக்குப் படைப்பு. பங்காளிக எல்லாரும் வாராக. தேவகோட்டையிலருந்து சொக்கலிங்கமும் வாரான். வீடு எல்லாருக்கும் பொது. இன்னும் அஞ்சு வருசம் ஓட்டல் நடத்த எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாக, அவன் ஒருத்தன்தான் பாக்கி. அவன் மாட்டேன்னா அன்னைக்கே ஓட்டலுக்குப் பூட்டுத்தான்.

கதிரவன்: அப்பப் பாஸ்வேர்டு சொல்லுங்க. போன மாசம் என்கிட்டச் சொல்லாம மாத்திட்டீகளே.

மீனாட்சிசுந்தரம்: பேப்பர்ல எழுதி வச்சேன். பேப்பர் தொலைஞ்சு போகும்னு அதை ஒரு போட்டோ...

கதிரவன்: எடுத்தீகளா?

மீனாட்சிசுந்தரம்: ...ம்.

கதிரவன்: இருக்கு, இருக்கு. பாஸ்வேர்டுக்குக் கீழயும் ராஜாவா வாழச் சொல்லியிருக்கீக. சரி, உள்ள போயிட்டேன். எதை அழிக்க?

மீனாட்சிசுந்தரம்: எல்லாத்தையும்!

கதிரவன்: நாலாயிரம் இருக்குய்யா. எது அவசரம்?

மீனாட்சிசுந்தரம்: ஒரு வீடியோ. ஆவணியில எடுத்தது. நாலாம் நம்பர் ரூம்.

கதிரவன்: வீடியோ மட்டும் எண்ணூறு. அதுல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க, தேடுறேன்.

மீனாட்சிசுந்தரம்: ஒரு... திறப்பு விழா.

கதிரவன்: ரிப்பன் வெட்டுனீகளா?

மீனாட்சிசுந்தரம்: பூட்டு.

கதிரவன்: பூட்டை வெட்டுனீகளா? யாரு பூட்டு?

மீனாட்சிசுந்தரம்: அது எதுக்கு உனக்கு?

கதிரவன்: சரிங்கய்யா. ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு வாரேன். நாளைக்குச் சாயங்காலம் ஆகும்.

மீனாட்சிசுந்தரம்: ஏய், இருப்பா... சொக்கு ரூம் அது. எங்க வீட்டுல பங்காளி ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அறை, சாவி அவனவன்கிட்ட. படைப்புக்கு வந்தாக்கூடக் கும்புட்டுட்டு அப்படியே பஸ் ஏறிருவான் சொக்கு. பன்னெண்டு வருசமாத் தொறக்கல. பிரான்ஸ்லருந்து ஒரு கூட்டம் வந்துச்சு, ஒரு ரூம் கொறைஞ்சுச்சு. தங்கச்சாமி ஆசாரியக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன்.

கதிரவன்: அதை வீடியோ வேற எடுத்தீகளா?

மீனாட்சிசுந்தரம்: விழான்னா எடுக்க வேணாமா? ரெண்டு வார்த்தை பேசவும் செஞ்சேன்.

கதிரவன்: என்ன பேசுனீக? சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.

மீனாட்சிசுந்தரம்: 'அந்தக் கஞ்சப்பய சாவியக் குடுத்து நாம தொறந்த மாதிரித்தான்... நீ அறுய்யா'ன்னு.

கதிரவன்: உள்ள சாமான் எதும் இருந்துச்சா?

மீனாட்சிசுந்தரம்: சொக்கோட ஆத்தா கொண்டாந்த சீர்ச் சாமான்தான். பித்தளை அண்டா, பீங்கான் மங்குத் தட்டு. ரூமுக்கு அலங்காரமா வச்சாச்சு. ஆத்தா படத்தை மட்டும் ஆபீஸ்ல மாட்டி, கீழ 'மகாராணி'ன்னு எழுதிப்புட்டேன். பிரான்ஸ்காரன் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிறான்.

கதிரவன்: ஒரு போன் போட்டு அவுககிட்டக் கேட்டிருக்கலாமேய்யா...

மீனாட்சிசுந்தரம்: கேட்டா மாட்டேம்பான். கேக்கலைன்னா எப்படி மாட்டேம்பான்? அதை விடு, வீடியோ கெடைச்சுச்சா?

கதிரவன்: கெடைச்சுச்சுய்யா. காலையிலயே.

மீனாட்சிசுந்தரம்: காலையிலயா! பெறகு எதுக்கு என்னைய இம்புட்டு நேரம் பேச விட்ட?

கதிரவன்: கடைக்கு ஒருத்தர் வந்திருக்காக. அழிக்கிறதுக்கு முன்னால வீடியோவுல ஒரு காப்பி வேணும்னாக. அந்த நேரம் பாத்து நீங்க கூப்பிட்டீக. ஸ்பீக்கர்ல போடுன்னாக, போட்டேன்.

மீனாட்சிசுந்தரம்: யாருப்பா அது? கதிரு... யாரு?

சொக்கலிங்கம்: கஞ்சப்பயதான் சுந்தரம்.

மீனாட்சிசுந்தரம்: அண்ணே... அண்ணே, நல்லா இருக்கீகளா? இது வந்து... கையெழுத்து விசயமாத்தான்...

சொக்கலிங்கம்: எங்க ஆத்தா மகாராணி ஆனதை மருமகதான் காமிச்சா. தொண்ணூறு லைக்காம். படத்தைக் கழட்டி மறுபடி ரூம்லயே மாட்டி வையி. ஞாயித்துக்கெழமைக்கு நாலாம் நம்பர் ரூமைப் பதிஞ்சிருக்கேன், உன் இன்டர்நெட் பக்கத்துலயேதான். ராஜாவா ஒரு நாள் வாழ்ந்து பாக்குறேன். கையெழுத்துத்தானே? தங்க வாரவுகளுக்கு ஒரு நோட்டு வச்சிருப்பியே, அதுல மட்டும் போடுறேன்.