ஒரு நெல்மணி அகலம்

எங்கள் மண்டபம் ஊரில் எது கெட்டுப்போனாலும் பழி உப்புக் காற்றுக்குத்தான். மிக்ஸி ஓடவில்லையா, உப்புக் காற்று. பூட்டு திறக்கவில்லையா, உப்புக் காற்று. என் மாமியாரின் மூட்டுவலிக்குக்கூட அதுதான். பாவம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. அதனால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

நான் சதக். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக், வீட்டோடு மாப்பிள்ளை. ஆறு வருடமாக அந்த வீட்டுக்கு நான்தான் மகன் மாதிரி. வெள்ளிக்கிழமை ஆட்டு ஈரல் முதலில் என் தட்டில்தான் விழும். 2008-இல் என் மனைவி சபியாவின் தம்பி பாக்கர், ரிமோட் கார் ஒன்றோடு துபாயிலிருந்து வந்தான். ஈரல் அவன் தட்டுக்குப் போனது. பெற்ற மகன் வந்தால் அப்படித்தானே. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. மதுரையில் ரிமோட் கார் கடை வைத்திருப்பவர் ஒருவர் கடற்கரைப் பந்தயத்துக்கு வருவதாக இருந்தார். பாக்கரின் கார் ஜெயித்தால் மண்டபத்திலேயே அவனுக்கு ஒரு கிளை போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. தோற்றால் செவ்வாய்க்கிழமை விமானம். அவன் மகள் சல்மாவுக்கு மூன்று வயது. அந்த மாதம்தான் அவனை 'வாப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

பந்தயத்தன்று லுஹர் தொழப் போகும்போது காரை என் மடியில் வைத்தான். "செத்த பாத்துக்கங்க மச்சான். உங்க கையில இருந்தா எனக்குப் பயமில்ல."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அந்த பிரஷ்லெஸ் மோட்டாரின் பின்மூடியில் மூன்று திருகு. அவற்றைத் தளர்த்தி மூடியைத் திருப்பினால் டைமிங் கூடும். வேகமும் கூடும், சூடும் கூடும். அவன் பாதியில் வைத்திருந்தான். நான் கடைசிக் கோடு வரை தள்ளினேன், ஒரு நெல்மணி அகலம். அவன் கார் வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன.

முதல் இரண்டு சுற்றும் கார் பறந்தது. சல்மா குதித்தாள், நானும் கைதட்டினேன். மூன்றாவது சுற்றில் புகை. பாக்கர் மணலில் உட்கார்ந்து மோட்டாரைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டான்.

"எங்கன தப்புப் பண்ணுனேன்னு தெரியலையே மச்சான்" என்றான்.

எனக்கே மனசு கேட்கவில்லை. "உப்புக் காத்து தம்பி" என்றேன். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். மதுரைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை சல்மா அவன் சட்டையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தவன் நான்தான். அதற்கும் ஒரு ஆள் வேண்டுமே. குழந்தைக்கு வலிக்காமல் எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பாக்கரின் மனைவி தாஜுன்னிசா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமைத்தாள். ஈரல் பழையபடி என் தட்டுக்கு வந்தது. அருமையான பக்குவம். உப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் மனம் நோக நடப்பது எனக்குப் பழக்கமில்லை.