வேலி வளைந்த இடம்

ஆனைகட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில் இளம் வக்கீல் ஒருவர் கறுப்புக் கோட்டை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தோட்டக்காரர்.

“ஏனுங்க, மலைசனங்க கேஸா எடுப்பீங்களே, அந்த இருளர் நெலம் என்னாச்சுங்க?”

“ஜெயிச்சுட்டமுங்க. செத்தவங்கதான் சாட்சி.”

“அதெப்படிங்க?”

“இருளருங்க அங்க இருந்ததே இல்லைன்னு எதிர்ப்பார்ட்டி சாதிச்சாருங்க. அவரு போட்ட கம்பிவேலி ஒரு எடத்துல மட்டும் ஏன் வளைஞ்சு போகுதுன்னு எங்க சீனியரம்மா கேட்டாங்க. ‘அங்க அவுங்க செத்தவங்களைப் பொதைச்சு நட்ட கல்லெல்லாம் இருக்குதுங்க, அதுமேல எப்படிங்க கம்பி போடறது? எங்கப்பாரே அதைத் தொடலீங்க’ன்னு அவரே சொல்லிப்போட்டாரு.”

தோட்டக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். பஸ் தடாகம் ஊரைத் தாண்டும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க தோட்டத்து வேலியும்,” என்றார் பிறகு, “ஒரு எடத்துல வளைஞ்சுதானுங்க போகுது.”